ட்ரெய்லர்ல இன்வெர்ட்டர்: பயப்பட வேண்டியது 12 வோல்ட் பக்கம்தான்

டிராவல் ட்ரெய்லர்ல, அதாவது கார் பின்னாடி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டில, இன்வெர்ட்டர் போடணும்னு பேச்செடுத்தாலே எல்லாரும் கேக்குறது எத்தனை வாட் வாங்கலாம்னுதான். அது கிடக்கட்டும், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவுல இருக்கற 12 வோல்ட் பக்கம் எவ்ளோ ஆம்பியர் ஓடப்போகுதுன்னு பாத்தீங்களா? தொட்டாக்கூட ஷாக் அடிக்காதுன்னு அந்தப் பக்கத்தை அசால்ட்டா விட்டுடறாங்க, ஆனா ஒயர் பொசுங்குறதுக்கு வோல்டேஜ் வேணாம், ஆம்பியர் போதும்.

2000 வாட்டை 12ஆல வகுத்தா 167 ஆம்பியர், இதுல இன்வெர்ட்டர் தன் பங்குக்கு சுமார் பத்து சதவீதத்தை சூடாவே விட்டுடும், லோடு ஏற ஏற பேட்டரி வோல்டேஜ் வேற இறங்கும், அதனால ஃபுல் லோடுல 190, 200ன்னு போயிடும். இதுக்கு 2/0 கேஜ் கேபிள், அதாவது கிட்டத்தட்ட 70 சதுர மில்லிமீட்டர் காப்பர், கட்டைவிரல் தண்டி இருக்கும். விலையைப் பாத்துட்டு ஒல்லியா ஒண்ணு வாங்கி நீளமா இழுத்தா வோல்டேஜ் வழியிலயே காணாமப் போயிடும், பேட்டரி ஃபுல்லா இருக்கும், மைக்ரோவேவ் போட்ட உடனே இன்வெர்ட்டர் லோ பேட்டரின்னு கத்தும். அதனால இன்வெர்ட்டரை பேட்டரிக்கு பக்கத்துலயே வைங்க. தண்ணி ஊத்துற லெட் ஆசிட் பேட்டரியா இருந்தா அதே பெட்டிக்குள்ள மட்டும் வேணாம், அதுல ஹைட்ரஜன் வரும், பொறி பட்டா வெடிக்கும்.

ஃப்யூஸ் பேட்டரியோட பாசிட்டிவ் முனையை ஒட்டியே வரணும், ஒரு சாண் தூரத்துக்குள்ள. இன்வெர்ட்டர் கிட்ட போட்டா நடுவுல இருக்கற கேபிள் எங்கயாச்சும் சேஸிஸ்ல உரசி ஷார்ட் ஆச்சுன்னா அதைக் கேக்க நாதி இல்ல. 2000 வாட்டுக்கு வழக்கமா 250 ஆம்பியர். லித்தியம்னா கிளாஸ் டி (Class T) வகைதான் போடணும், ஏன்னா ஷார்ட் ஆகும்போது லித்தியம் பல ஆயிரம் ஆம்பியர் தள்ளும், மலிவான ஃப்யூஸ் உருகினாலும் உள்ள ஆர்க் அடிச்சு, அதாவது கரண்ட் இடைவெளியைத் தாண்டிப் பாஞ்சுகிட்டே இருக்கலாம்.

லக், அதாவது கேபிள் முனையில இருக்கற ஓட்டை போட்ட உலோகத் துண்டு, அதை மாட்டுறதுல ஒரு சின்ன விஷயம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். லக் நேரா டெர்மினல் மேல உக்காரணும், வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்டு எல்லாம் அதுக்கு மேல. வாஷர் லக்குக்கு அடியில போயிட்டா 200 ஆம்பியரும் அந்த இரும்புத் துண்டு வழியாத்தான் போகணும், அங்க சூடாகும். லோடு ஓடும்போது மல்டிமீட்டரை மில்லிவோல்ட்ல வச்சு ஒரு முள்ளை டெர்மினல்லயும் இன்னொண்ணை லக்லயும் வைங்க, எல்லா ஜாயிண்ட்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டணும், ஒண்ணு மட்டும் எகிறுச்சுன்னா அதைக் கழட்டி சுத்தம் பண்ணி மாட்டுங்க. முதல் தடவை மாட்டும்போது படார்னு பொறி பறக்கும், அது உள்ள இருக்கற கெப்பாசிட்டர் நிரம்புறது, பதற வேணாம்.

அப்புறம் பேட்டரி. 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் ஒண்ணே ஒண்ணு வச்சுகிட்டு 2000 வாட் இன்வெர்ட்டர் வாங்குறாங்க, ஆனா நிறைய பேட்டரில உள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட், பிஎம்எஸ், 100 ஆம்பியருக்கு மேல விடாது, 1200 வாட் தாண்டினா அதுவே கட் பண்ணிடும். பேரலல்ல ரெண்டாவது வேணும்.

ஏசி கரண்ட் பக்கம் ஒரே ஒரு விதிதான்: வெளிய பிளக் போட்டு எடுக்கற கரண்டும் இன்வெர்ட்டரும் ஒரே நேரத்துல ட்ரெய்லரோட பிரேக்கர் பேனலைத் தொடவே கூடாது, நடுவுல ரெண்டுல ஒண்ணை மட்டும் சேக்குற டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் கட்டாயம். இன்வெர்ட்டர் அவுட்புட்ல வெளி கரண்ட் ஏறுச்சுன்னா பெரும்பாலும் இன்வெர்ட்டர் காலி. நியூட்ரல், எர்த் ரெண்டையும் கரண்ட் எங்கிருந்து வருதோ அங்க ஒரே இடத்துலதான் சேக்கணும், ட்ரெய்லர் பேனல்ல சேக்கக் கூடாது. வெளி கரண்ட்ல ஓடும்போது அந்த இணைப்பு வெளியவே இருக்கு, இன்வெர்ட்டர்ல ஓடும்போது இன்வெர்ட்டர் குடுக்கணும். டிரான்ஸ்ஃபர் ரிலே உள்ளயே இருக்கற நல்ல மாடல் இதைத் தானா மாத்திக்கும், வாங்குறதுக்கு முன்னாடி மேனுவல்ல பாத்துடுங்க.

பேனல் முழுசையும் இன்வெர்ட்டர்ல ஓட்டுறவங்க கன்வெர்ட்டர் பிரேக்கரை, அதாவது ஏசி கரண்ட்டை 12 வோல்ட்டா மாத்தி பேட்டரியை சார்ஜ் பண்ற பெட்டியோட பிரேக்கரை, ஆஃப் பண்ண மறந்துடறாங்க. பேட்டரில எடுத்த கரண்ட் இன்வெர்ட்டர் போய், கன்வெர்ட்டர் போய், திரும்ப அதே பேட்டரியை சார்ஜ் பண்ணும், கிணத்துல மொண்டு அதே கிணத்துல ஊத்துற கதை, ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் சிந்தும். கேஸ்ல ஓடுற ஃப்ரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் கேஸ்லயே விடுங்க, ஹீட்டர் காயில் எல்லாம் பேட்டரியை உறிஞ்சிடும். இதுக்குத்தான் தனியா ஒரு சின்ன சப் பேனல் வச்சு பிளக் பாயிண்ட்டும் மைக்ரோவேவும் மட்டும் அதுல குடுக்கறது எனக்குப் பிடிக்கும், ஒயரிங் வேலை கூட, ஆனா தலைவலி கம்மி.

எதுவுமே ஓடலைன்னாலும் பெரிய இன்வெர்ட்டர் ஆன்ல இருந்தா ஒண்ணுல இருந்து ரெண்டு ஆம்பியர் வரைக்கும் தின்னுகிட்டே இருக்கும், ஒரு நாளைக்கு 24ல இருந்து 48 ஆம்பியர் ஹவர். ரிமோட் ஸ்விட்ச்சை படுக்கை பக்கத்துல மாட்டிடுங்க, ராத்திரி எந்திரிச்சுப் போய் யாரும் ஆஃப் பண்ண மாட்டாங்க.