ரீக் மலையில் ஏழு கற்கள்

ஜூலை மாதக் கடைசி ஞாயிறு. விடிந்தும் விடியாத நேரத்திலேயே முரிஸ்க்கில் வண்டி நிறுத்த இடமில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்துச் சிற்றூர் இது. க்ரோ பேட்ரிக் மலைக்கு இங்கிருந்துதான் ஏற்றம். உயரம் 764 மீட்டர். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் 'ரீக்'. இந்த நாள் 'ரீக் ஞாயிறு'. கி.பி. 441இல், அயர்லாந்தில் கிறித்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக் உச்சியில் 40 நாள் நோன்பிருந்தார் என்பது வழிவழியான நம்பிக்கை.

அடிவாரத்தில் ஊன்றுகோல் விற்றார்கள். நமக்கெதற்கு என்று வாங்காமல் நடந்தேன். அந்த வீம்பு பாதி மலை வரைதான் தாங்கியது.

தோள்போல் விரிந்த சமதளத்தைத் தாண்டியதும் மலை கூம்பாகச் செங்குத்தாய் நிமிர்கிறது. அதன் அடியில் 'லக்ட் பெனான்' என்றொரு கற்குவியல். பெனான், பேட்ரிக்கின் சீடர். திருயாத்திரையின் முதல் நிலை இதுதான். குவியலை 7 முறை வலம்வர வேண்டும். கர்த்தர் கற்பித்த செபம் 7, அருள்நிறைந்த மரியே 7, விசுவாசப் பிரமாணம் 1. பலர் இதைக் கண்டுகொள்ளாமல் உச்சிக்கு விரைகிறார்கள். மலையேறினோம் என்ற கணக்குக்கு அது போதும். யாத்திரைக்குப் போதாது என்றே எனக்குத் தோன்றியது.

நாலாவது சுற்றா, ஐந்தாவதா? குழம்பி நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெரியவர் புரிந்துகொண்டார். "ஏழு கல்லு பொறுக்கிக்கோங்க. சுத்துக்கு ஒண்ணா கீழே போட்டுக்கிட்டே வாங்க. எண்ணுறதைக் கல்லு பார்த்துக்கும், நீங்க செபத்தைப் பாருங்க" என்கிற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். முதலிலிருந்து தொடங்கினேன். அப்போதுதான் அவர் கால்களைக் கவனித்தேன். செருப்பில்லை. குளிரில் நீலம் பாரித்த பாதங்கள், விரலிடுக்கில் கறுத்த சேறு, பெருவிரல் நகத்தோரம் உறைந்த ரத்தம். சிறுவயதில் அப்பாவோடு ராத்திரியில் டார்ச் பிடித்து ஏறினாராம். அப்போதெல்லாம் இரவில் ஏறுவதே வழக்கம்.

கூம்பில் ஏறுவது தவம்தான். பாதையைச் செப்பனிட்டிருந்தும் சரளை காலை வாரியது; இரண்டு இடங்களில் கையையும் ஊன்றினேன்.

உச்சியில் ஒரே மூடுபனி, நடுவில் 1905இல் கட்டிய வெள்ளைச் சிற்றாலயம். இது இரண்டாம் நிலை. சிற்றாலயத்தை 15 சுற்று, 'பேட்ரிக்கின் படுக்கை' எனப்படும் இடத்தை 7 சுற்று. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவுக்கு வரிசை நின்றது. திருப்பலியில் குருவின் குரல் மட்டும் வந்தது, முகம் தெரியவில்லை. 1990களில் இங்கே அகழ்ந்தபோது சுண்ணாம்பின்றிக் கல்லடுக்கிக் கட்டிய பழைய செபக்கூடம் கிடைத்தது, காலம் கி.பி. 430க்கும் 890க்கும் இடைப்பட்டது என்கிறார்கள். உச்சியைச் சுற்றி அதைவிடப் பழைய கோட்டை மதிலின் தடம். கிறித்தவம் வருமுன்பே 'லூனசா' என்ற அறுவடை விழாவுக்கு மக்கள் இங்கே ஏறியதாகக் கருதுகிறார்கள். யாத்திரை ஜூலைக் கடைசியில் விழுவதும் அதனால்தானாம். 1113இல் மின்னல் தாக்கி, நோன்பிருந்த 30 பேர் இங்கே இறந்ததை அந்நாட்டு ஆண்டேடுகள் குறித்து வைத்திருக்கின்றன. 1980களில் மலைக்குள் தங்கம் இருப்பது தெரிந்ததும் சுரங்கம் தோண்டும் பேச்சு எழுந்தது. ஊர் எதிர்த்தது, மாவட்ட மன்றமும் இடங்கொடுக்கவில்லை. தங்கம் உள்ளேயே கிடக்கிறது.

மூன்றாம் நிலை மேற்குச் சரிவில்: 'ரெலிக் வுரா', மரியாவின் கல்லறைத் தோட்டம். மூன்று கற்குவியல்களில் ஒவ்வொன்றையும் 7 சுற்று, பிறகு மொத்தத்தையும் 7 சுற்று. ஆக 28. என் முழங்கால் அதற்கு இசையவில்லை. பெரியவர் கையசைத்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கினார். பத்தடியில் பனி அவரை மூடிக்கொண்டது.

மூன்றாம் நிலைக்கென்று நான் பொறுக்கி வைத்திருந்த 7 கற்களைச் சிற்றாலயச் சுவரோரம் வைத்துவிட்டுத் திரும்பினேன். ஏறியதைவிட இறங்குவதுதான் பாடாய்ப் படுத்தியது. அடிவாரத்தில் அதே கடை இன்னும் இருந்தது. ஓர் ஊன்றுகோல் வாங்கினேன். இறங்கி வந்தவனுக்கு இனி எதற்கு என்பதுபோல் கடைக்காரர் பார்த்தார். "அடுத்த ஜூலைக்கு" என்றேன்.