தண்ணீரை நிறுத்தி வைத்த ஒரு மணி நேரம்

பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று தீயணைப்பு நிலையங்களிலேயே என் உத்தியோகக் காலம் கழிந்தது. 1985 மே 13 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'மூவ்' இயக்கத்தார் இருந்த வீட்டின் மேல் போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போட்டதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. குண்டு போட்ட ஹெலிகாப்டரை விட, கீழே தெருவில் ஹோஸை வைத்துக்கொண்டு சும்மா நிறுத்தப்பட்ட தீயணைப்பு வீரர்களைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

'மூவ்' என்பது 1972-ல் ஜான் ஆப்பிரிக்கா என்பவர் தொடங்கிய இயக்கம். பெரும்பாலும் கறுப்பினத்தவர். எல்லாரும் பெயரோடு 'ஆப்பிரிக்கா' என்று சேர்த்துக்கொண்டார்கள். இயற்கையோடு வாழ வேண்டும், போலீஸ் அராஜகத்துக்குப் பணியக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. 1978-ல் அவர்கள் அப்போது இருந்த வீட்டைக் காலி செய்ய வைக்கப் போலீஸ் வந்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு போலீஸ்காரர் இறந்தார். இயக்கத்தார் ஒன்பது பேருக்கு 30 முதல் 100 ஆண்டு வரை தண்டனை. மற்றவர்கள் பிறகு ஓசேஜ் அவென்யூ 6221-ஆம் எண் வீட்டுக்கு வந்து, சிறையில் இருப்பவர்களை விடச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தினார்கள். தூங்க முடியாமல் புகார் கொடுத்ததும் அந்தத் தெருக் கறுப்பினக் குடும்பங்கள்தான். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. மேயர் வில்சன் குட்டும் அந்நகரின் முதல் கறுப்பின மேயர்.

அன்று காலை தீயணைப்பு வண்டிகள் அந்த வீட்டின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தன. மொட்டை மாடியில் பலகையால் கட்டியிருந்த பதுங்குமாடத்தைத் தள்ளுவதற்கு! உள்ளே குழந்தைகள் இருப்பது தெரிந்தும் போலீஸ் 10,000 தோட்டாக்களுக்கு மேல் சுட்டது. மாலை ஐந்தரை மணி வாக்கில் வெடிமருந்துப் பையை மேலிருந்து போட்டார்கள். மாடியில் தீ பிடித்தது. காலையில் அப்படிப் பாய்ந்த தண்ணீர், அப்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரவில்லை. மாடம் எரிந்து விழட்டும் என்று மேலதிகாரிகள் விட்டுவிட்டார்கள்.

மேலப்பாளையத்துச் சந்துகளைப் போல அங்கேயும் ஒட்டு வீடுகள். பக்கத்துச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அப்படிப்பட்ட இடத்தில் எரிகிற வீட்டோடு சேர்த்து, எரியாத அடுத்த வீட்டுக் கூரையையும் உடனே நனைக்க வேண்டும். தீ கூரை வழியாகத்தான் தாவும். சுவர் சூடேறி, அந்தப் பக்கத்து உத்தரம் புகைய ஆரம்பித்துவிட்டால் பிறகு எத்தனை வண்டி வந்தும் பிரயோஜனம் இல்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் இது தெரியும். அங்கே 61 வீடுகள் போயின. 250 பேர் வாக்கில் தெருவுக்கு வந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களில் 11 பேர் செத்தார்கள், அதில் 5 பேர் குழந்தைகள். தப்பியது ரமோனா ஆப்பிரிக்காவும் 13 வயதுப் பையன் ஒருவனும்தான்.

மறுவருஷமே விசாரணைக் குழு, ஆட்கள் இருந்த வீட்டின் மேல் குண்டு போட்டது மனசாட்சியற்ற செயல் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு அதிகாரி மேலும் குற்ற வழக்கு இல்லை. ஜெயிலுக்குப் போனது தீக்காயத்தோடு வெளியே வந்த ரமோனா, ஏழு வருஷம். நகர மன்றம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2020-ல். இறந்த பிள்ளைகளுடையது என்று கருதப்படும் எலும்புகள் பல்கலைக்கழக அருங்காட்சியகம் ஒன்றில் கிடந்தது 2021-ல் வெளியே வந்தது. பெற்றவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

நமக்கு இதெல்லாம் தூரத்துக் கதை இல்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலம் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடிக்குச் சிதறி, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. இன்றைக்கும் அங்கே ஆற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது நான் ஆற்றைப் பார்க்காமல் இருந்ததில்லை.

இந்தப் பிலடெல்பியா கதையை, இன்னும் சர்வீஸில் இருக்கும் ஒரு தம்பியிடம் சொன்னேன். "அண்ணாச்சி, மேல இருந்து உத்தரவு வந்தா நாம என்ன செய்யதுக்கு?" என்றான். முதலில் தண்ணீரைத் திற என்றேன். திறக்க விடவில்லை என்றால், யார் தடுத்தார், எத்தனை மணிக்குத் தடுத்தார் என்று நிலையப் பதிவேட்டில் உன் கையெழுத்தோடு எழுதி வை என்றேன்.