படுத்திருப்பவரை நிமிர்த்தி மாட்டுவதற்குள்

ஆஸ்திரிய ஓவியர் எகான் ஷீலேயின் நீர்வண்ணத் தன்னுருவப் படம் ஒன்றின் நகலுக்குச் சட்டம் போட எனக்கு ஏழு வாரம் பிடித்தது. சுவரில் ஏறிவிட்டது என்றாலும் ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

மூலம் வியன்னா அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1912 ஏப்ரலில் ஆஸ்திரியாவின் நொய்லெங்பாக் ஊர்ச் சிறையில் இருந்தபோது வரைந்தது. கலைஞனைத் தடுப்பது குற்றம், முளைவிடும் உயிரைக் கொல்வதற்குச் சமம் என்று தாளிலேயே எழுதிவைத்திருக்கிறார். மேலங்கியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் உருவம். ஆனால் கையெழுத்தைத் தாளை நெட்டுவாக்கில் பிடித்துப் போட்டிருக்கிறார். கட்டிலும் இல்லை, தரையும் இல்லை. உடல் வெறும் தாளில் அந்தரத்தில் நிற்கிறது. அந்த அந்தரத்துக்காகத்தான் இந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தேன்.

முதல் அச்சு வீணாயிற்று. பழுப்பேறிய தாளின் நிறத்தை அழுக்கு என்று எண்ணி, அச்சகத்தில் வெள்ளையாக்கிவிட்டார்கள். ‘நிறத்தைத் திருத்த வேண்டாம், பளபளப்பில்லாத தாள் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்த பிறகே இரண்டாவது அச்சு சரியாக வந்தது.

அடுத்தது சட்டம் போடும் கடை. மூலத்தின் அளவிலேயே அச்சிட்டிருந்ததால் 50 × 70 செ.மீ. சட்டம் சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பொதியைப் பிரித்தால், படம் குறுக்குவாட்டில் கிடந்தது! கொக்கிகள் நீளப் பக்கத்தில். படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குள் வைக்கும் மவுண்ட் அட்டையில் அடிப்பக்கம் சற்று அகலமாக விடுவார்கள் அல்லவா, அதுவும் தவறான பக்கத்தில். கொக்கியை மட்டும் மாற்றினால் போதாது, அட்டையையே புதிதாக வெட்ட வேண்டும்.

“படுத்திருப்பவரைப் படுக்கவைத்துத்தானே மாட்டுவார்கள்?” என்றார் கடைக்காரர். ரசீதில் வெறும் அளவுதான் இருந்தது. எந்தப் பக்கம் மேலே என்று எழுதவில்லை. புதிய அட்டைக்கு நான்தான் பணம் தர வேண்டும் என்று சாதித்தார்.

அருங்காட்சியகப் பதிவைக் கைபேசியில் காட்டினேன்: 48.6 × 31.8 செ.மீ. அருங்காட்சியகங்கள் உயரத்தைத்தான் முதலில் குறிப்பிடும். பிறகு கையெழுத்தின் மேல் விரலை வைத்து, “இதைப் படியுங்கள்” என்றேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சட்டத்தைத் தூக்கி நிமிர்த்தினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அட்டைக்குப் பணம் கேட்கவில்லை.

நீங்கள் சட்டம் போடக் கொடுத்தால் நகலின் பின்புறத்தில் பென்சிலால் ‘மேல்’ என்று எழுதி அம்புக்குறி போடுங்கள். ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். எழுத்தும் கையெழுத்தும் அட்டைக்கு அடியில் மறையக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். சாதாரணக் கண்ணாடி வேண்டாம். என் வீட்டு விளக்கின் பிரதிபலிப்பு ஷீலேயின் முகத்தில் விழுகிறது. கண்ணாடியை மாற்ற அடுத்த மாதம் அதே கடைக்குத்தான் போகிறேன்.