நூலில்லாத தையல்

நவம்பர் 26
மழை. பழைய செய்தித்தாளை அரைத்து நான் செய்த கடதாசி எதுவும் காயவில்லை.

நவம்பர் 28
அம்மம்மாவின் கைமெசினில் நூல் கோர்க்காமல் கடதாசி தைக்கிறேன். எனக்கு வேண்டியது துளைகள் மட்டும். திருகோணமலையின் கொட்டியாரக் குடாவைத் துளைகளாலேயே வரைபடமாகக் குத்திக்கொண்டு வருகிறேன். மகாவலி வந்து விழுகிற கரைப்பக்கம் ஆழம் குறைவு, அங்கே தையல் நீளத்தைக் கூட்டித் துளைகளை ஐதாக விடுகிறேன். ஆழம் கூடக் கூட நெருக்கம். கடலடிப் பள்ளத்தாக்கு இறங்கும் இடத்துக்கு வந்ததும் முத்திரை ஓரம் மாதிரிக் கிழிந்துவிடுகிறது. ஆழமான இடம் இல்லாமல் அது கொட்டியாரக் குடாவே இல்லை.

கொழும்பிலிருந்து வரவேண்டிய போன் கோல் வரவில்லை.

நவம்பர் 29
கோளாறு மெசினில் இல்லை, தாளில். செய்தித்தாளின் நார் ஏற்கெனவே குட்டை, பிளெண்டர் அதை இன்னும் வெட்டுகிறது. குட்டை நார் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. குலை வெட்டிய வாழையை வெட்டி, மடலைச் சீவி, வோஷிங் சோடா போட்டு அவித்தேன். அம்மாவுக்கு அந்த மணம் ஒத்துவராது. கிணற்றடியில் தகரம் சாய்த்து அடுப்பு மூட்டினேன். பிளெண்டருக்குள் வாழைநார் போட்டால் பிளேட்டில் சுற்றிக்கொள்ளும். அம்மியில் வைத்துத் தட்டினேன். தட்டினால் நார் அறுபடாமல் இழை இழையாகப் பிரிகிறது. கை வலி. அப்புறமும் தட்டினேன்.

டிசம்பர் 1
அம்மா கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

டிசம்பர் 4
வெயில்! தாள்களைப் பலகையில் ஒட்டி வெளியே வைத்து, மான் வராமல் கேற்றைக் கட்டினேன். கோட்டைப் பக்கம் அவை குப்பையில் பொலித்தீன் தின்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அண்ணா கேட்டார்: "தங்கச்சி, இதெல்லாம் இப்ப தேவையா?" தேவை. கோல் வரும்வரை எதையாவது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

டிசம்பர் 7
இன்றும் இல்லை.

டிசம்பர் 8
16ஆம் நம்பர் ஊசியைக் கழற்றி 11 போட்டேன். துளை சிறுத்தால் இடையில் கடதாசி மிஞ்சும். அடுத்த வரிசையை முந்தைய துளைகளுக்கு நேரே விடாமல் இடைவெளிக்கு நேரே விட்டேன். வாழைத்தாள் தாங்குகிறது. பள்ளத்தாக்கு முழுவதும் குத்தி முடித்தேன், கிழியவில்லை!

உள்ளேயிருந்து அம்மா, "யாருக்குச் சட்டை தைக்கிறாய்?" என்றார். 1942இல் ஜப்பான் குண்டு போட்டபோது இந்த மெசினை வள்ளத்தில் ஏற்றி மூதூருக்குக் கொண்டுபோனார்களாம். இதே குடாவுக்கு மேலால்.

டிசம்பர் 13
கார்த்திகை விளக்கீடு. தாளைத் தீபத்துக்கு முன்னால் பிடித்து அம்மாவுக்குக் காட்டினேன். ஆழமான இடத்தில்தான் வெளிச்சம் கூட. "மூதூர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினேன்.

டிசம்பர் 14
கோல் வந்துவிட்டது. இரவு ரயிலில் கொழும்புக்கு. வாளியில் ஊறுகிற நாருக்குத் தண்ணீர் மாற்றச் சொல்லி மாமியிடம் சாவி கொடுக்க வேண்டும்.