குழாய்க்குள் உடைந்த சிவப்பணுக்கள்

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் ஒரு வாரம் தலைகால் புரியாமல் இருந்தேன். தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதி) மிர்-150 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. குறைந்திருப்பதாக என் பிசிஆர் (மரபுத் துணுக்குகளைப் படியெடுத்துப் பெருக்கி அளக்கும் முறை) முடிவுகள் பளிச்சென்று காட்டின. எட்டாம் நாள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இதே வேலையில் இறங்குபவர்களுக்காக அந்தக் கதையை எழுதுகிறேன்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறக்குறைய 22 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. துணுக்கு. அது புரதமாக மாறாது. மற்ற மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அவை புரதமாவதைக் கட்டுப்படுத்தும். எலும்பு மஜ்ஜையில் ஒரு ஸ்டெம் செல் எந்த அணுவாக முதிரும் என்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு என்று 2004-இல் எலிகளில் காட்டினார்கள். மிர்-223 மைலாய்டு அணுக்களில் நிறைந்திருக்கும். மிர்-150 லிம்போசைட் என்ற வெள்ளையணு வகையில், முதிர்ந்தவற்றில் ஏறி, சி-மிப் என்ற புரதத்தைத் தணிக்கும். முதிராத அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்ளும் நோயில் மிர்-150 குறையும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தபடியே விடை வந்ததால் அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

பிளாஸ்மாவில் ஆர்.என்.ஏ. மிகமிகக் குறைவு. வழக்கமான கருவியில் அளந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. அதனால் எல்லா மாதிரியிலும் ஒரே கன அளவு எடுத்து, மாறாத ஏதோ ஒன்றோடு ஒப்பிட வேண்டும். அதற்கு நான் மிர்-16ஐத் தேர்ந்தெடுத்தேன். பல கட்டுரைகளில் அப்படித்தான் செய்திருந்தார்கள். அது எந்த அணுவிலிருந்து பிளாஸ்மாவுக்கு வருகிறது என்று யோசிக்கவே இல்லை.

முடிவுகளைப் பார்த்த சீனியர் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தக் குழாய்களைக் கண்ணால் பார்த்தியா?"

மைனஸ் 80 டிகிரி பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கினோம். ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மா வைக்கோல் மஞ்சள். நோயாளிகளுடையதில் பல லேசான ரோஜா நிறம். அக்கா எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையிருக்கவில்லை.

ஒப்பீட்டுக்கான ரத்தத்தை நாங்களே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றியிருந்தோம். நோயாளிகளின் ரத்தம் வார்டில் சிரிஞ்சில் எடுக்கப்பட்டு, ஊசி வழியாகக் குழாய்க்குள் அழுத்தப்பட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து வந்தது. சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. அவற்றில் மிர்-16 ஏராளம். பிசிஆரில் ஒவ்வொரு சுழற்சியிலும் துணுக்குகள் இரட்டிப்பாகும்; ஒன்று ஒரு சுழற்சி முந்தித் தென்பட்டால் அது இரண்டு மடங்கு இருந்தது என்று அர்த்தம். மிர்-16 இரண்டு சுழற்சி முந்தினால், அதோடு ஒப்பிடும் மிர்-150 கால் பங்காகக் குறைந்ததுபோலத் தெரியும். என் அளவுகோல்தான் நீண்டிருந்தது, துணி அவ்வளவு குறையவில்லை.

என்னைக் காப்பாற்றியது மிர்-451. சிவப்பணு முதிரும்போது காட்டா-1 என்ற புரதம் இதை முடுக்கிவிடுகிறது. இது இல்லாத எலிகளின் சிவப்பணுக்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தாங்காமல் சிதைகின்றன. மற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை டைசர் என்ற நொதி வெட்டித் தரும்; இதன் முன்னோடி டைசருக்கு எட்டாத அளவு குட்டை என்பதால் ஆர்கோநாட்-2 வெட்டுகிறது. 2010-இல் இது தெரியவந்தது. எனக்கு இந்த மூலக்கூறின் மேல் தனிப் பிரியமே உண்டு. சிவப்பணு தன் உட்கருவையே வெளியேற்றிவிட்ட பிறகும் மிர்-451 உள்ளே குவிந்து கிடக்கிறது. ஆக, பிளாஸ்மாவில் அது எகிறினால் சிவப்பணு உடைந்திருக்கிறது என்று பொருள். உடைவால் அவ்வளவாகப் பாதிக்கப்படாத மிர்-23ஏ-யின் சுழற்சி எண்ணிலிருந்து மிர்-451-இன் எண்ணைக் கழிக்க வேண்டும். வித்தியாசம் 5-க்குள் என்றால் சரி. 7-ஐத் தாண்டினால் அந்த மாதிரி சந்தேகத்துக்குரியது. மஞ்சளாகத் தெரிந்த சில குழாய்களும் இதில் மாட்டின.

மீதி வேலை அலுப்பானது. ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் இடும் ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும் என்பதால், அதற்குப் பதில் இடிடிஏ உள்ள குழாய் மட்டும். தட்டணுக்கள் தங்கிவிடாதபடி இரண்டு முறை சுழற்றல். உறைய வைத்தபின் அவை உடைந்தால் அவற்றின் மிர்-223 கணக்கைக் குழப்பும். பிரித்தெடுப்பில் எவ்வளவு இழக்கிறோம் என்று அறிய, மனிதர்களிடம் இல்லாத புழுவின் மிர்-39ஐச் சேர்த்தோம். முதல்தடவை அதை நேராகப் பிளாஸ்மாவில் விட்டேன். அங்குள்ள நொதிகள் நொடியில் தின்றுவிட்டன. கரைப்பானைக் கலந்து நொதிகளை முடக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

நோயாளி மாதிரிகளில் ஏறக்குறைய பாதியைத் தூக்கியெறிந்தோம். ஒருநாள் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. எஞ்சியவற்றில் மிர்-150 குறைவாகத்தான் இருந்தது, ஆனால் முன்பு துள்ளிக் குதித்த அளவுக்கு இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் ஆய்வேட்டில் எழுதினேன், கழித்த மாதிரிகளின் பட்டியலோடு.

புது மாதிரிகளுக்காக வார்டுக்கு நானே போய் நிற்க ஆரம்பித்தேன். ரத்தத்தைச் சிரிஞ்சிலிருந்து அழுத்தாதீர்கள், ஊசியைக் கழற்றிவிட்டு மெதுவாக ஊற்றுங்கள் என்று கெஞ்சியதில் செவிலியர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரித்த பிளாஸ்மா முதலில், உடைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினைக் காட்டிக்கொடுக்கும் 414 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் சோதனைக்குப் போகிறது. 0.2-ஐத் தாண்டினால் மூடியில் சிவப்புப் புள்ளி.