புரோக்கருக்குப் பொருத்தம் பார்ப்பது

பத்துப் பொருத்தத்தில் ஒன்பது சரிவந்தாலும் ரச்சு தட்டினால் வெள்ளவத்தைத் தரகர் குறிப்பை மடித்து வைத்துவிடுவார். மெசேஜ் புரோக்கர் என்பது ஒரு செயலி தரும் செய்தியை வாங்கிவைத்து மற்றச் செயலியிடம் கொடுக்கும் மென்பொருள். அதன் தெரிவில் அந்த ரச்சு, புரொட்டோகோலின், அதாவது அவை பேசிக்கொள்ளும் விதிமுறையின், பதிப்பு. விநாடிக்கு எத்தனை இலட்சம் மெசேஜ் என்று காட்டும் வரைபடங்களை எல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றுக்கு ஓடர் முறைமை கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஓடர் எடுப்பது லாரவெல் (பிஎச்பி), களஞ்சிய இருப்பு ஸ்பிரிங் பூட் (ஜாவா), பில்லும் எஸ்எம்எஸ்ஸும் பைதன். ஒவ்வொன்றும் எந்த லைப்ரரியை எந்தப் பதிப்பில் பாவிக்கிறது, அது எந்தப் புரொட்டோகோல் பேசுகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். புரோக்கரின் பெயர் அந்தத் தாளில் கடைசியாகத்தான் வரவேண்டும்.

அதிகம் பேர் வழுக்குவது ஏஎம்கியூபி என்ற புரொட்டோகோலில். அதன் 0-9-1, 1.0 பதிப்புகள் இரண்டுக்கும் பெயர் ஒன்று, போர்ட்டும் அதே 5672, ஆனால் வயரில் போவது வேறு வேறு புரொட்டோகோல். ரபிட்எம்கியூ என்ற புரோக்கர் 0-9-1 இல் வளர்ந்தது. 2024 இல் வந்த அதன் 4.0 பதிப்பில்தான் ஏஎம்கியூபி 1.0 ப்ளக்இன் இல்லாமலே உள்ளே வந்தது. ஆக்டிவ்எம்கியூ ஆர்ட்டெமிஸ் என்ற புரோக்கர் ஏஎம்கியூபியில் பேசுவது 1.0 மட்டும். ஆகவே பைதனின் பிகா லைப்ரரியை ஆர்ட்டெமிஸ் பக்கம் திருப்பினால் முதல் எட்டு பைட்டிலேயே இணைப்பு அறுந்துவிடும், ஏனெனில் பிகாவுக்கு 0-9-1 தவிர வேறெதுவும் தெரியாது. கடவுச்சொல்லையும் ஃபயர்வோலையும் எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

ஜேஎம்எஸ் என்பது புரொட்டோகோலே அல்ல, ஜாவாக் கோட் புரோக்கரை அழைக்கும் இடைமுகம் (ஏபிஐ). புரோக்கர் மாறினால் அதோடு பேசும் கிளையன்ட் லைப்ரரியின் ஜார் கோப்பும் மாறும். ஸ்பிரிங் பூட் 3 முழுக்க ஜகார்த்தா பெயர்வெளிக்குப் போய்விட்டதால், ஜாவாஎக்ஸ் பெயர்வெளியில் இருக்கும் பழைய ஆக்டிவ்எம்கியூ 5 கிளையன்ட் அங்கே ஒட்டாது. கொழும்பில் பல இடங்களில் இருக்கும் டபிள்யூஎஸ்ஓ2 மைக்ரோ இன்டகிரேட்டர் என்ற செயலி இணைப்பு மென்பொருளிலும் இதே கவனம் தேவை: ஜேஎம்எஸ் வழியாக இணைக்கும்போது புரோக்கரின் கிளையன்ட் ஜார்களை லிப் அடைவுக்குள் நீங்கள்தான் போடவேண்டும். ரபிட்எம்கியூவுக்கு அதில் தனி டிரான்ஸ்போர்ட் உண்டு. லாரவெலின் கியூவில் டேட்டாபேஸ், ரெடிஸ், எஸ்கியூஎஸ், பீன்ஸ்டாக் கூடவே வரும். ரபிட்எம்கியூ வேண்டுமானால் வெளிப் பக்கேஜ். அந்தப் பக்கேஜ் உங்கள் லாரவெல் பதிப்புக்கு வந்துவிட்டதா என்று பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது, வேலை முடிந்ததும் மெசேஜ் அழியும் கியூவா, வாசித்த பின்னும் அது கிடக்கும் லொக்கா (log, பதிவேடு) என்பது. லொக் வகைப் புரோக்கரான காஃப்காவில் வாசித்த மெசேஜும் அழியாது, டிபோல்ட்டாக 168 மணித்தியாலம் கிடக்கும். நேற்றைய ஓடர்களை மறுபடி ஓட்டிப் புதிய அறிக்கை எடுக்க இது அருமை. ஆனால் லொக்கை மூன்று பார்ட்டிஷனாகப் பிரித்து ஒரே குழுவில் ஐந்து வேர்க்கர் (மெசேஜை எடுத்து வேலை செய்யும் புரோகிராம்) ஓட்டினால், ஒரு பார்ட்டிஷனை ஒருவரே வாசிப்பதால் இருவர் சும்மாதான் இருப்பார்கள். வாசிக்கமுடியாத மெசேஜ் ஒன்று வந்து, அதைத் தாண்டிப்போக கோட் எழுதாமல் விட்டிருந்தால், அந்தப் பார்ட்டிஷனில் பின்னால் நிற்பவை எல்லாம் காத்திருக்கும். எஸ்எம்எஸ் அனுப்புவது போன்ற வேலைப் பங்கீட்டுக்கு இது தலைவலி.

காஃப்காவை டொக்கரில், அதாவது கொன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள், வைக்கும் எல்லோரும் ஒருமுறை விழும் குழி அட்வர்டைஸ்ட் லிஸனர்ஸ் என்ற அமைப்பு. கிளையன்ட் 9092 இல் இணைந்துவிடும். பிறகு புரோக்கர் “இனி இந்த முகவரிக்கு வா” என்று ஒரு பெயரைத் திருப்பி அனுப்பும். அது லோக்கல்ஹோஸ்ட் (இதே கணனி) என்றிருந்தால் வேறு கொன்டெய்னரில் இருக்கும் கிளையன்ட் தன்னையே தட்டிக்கொண்டிருக்கும். உள்ளுக்கு ஒரு லிஸனர், வெளிக்கு ஒன்று என்று இரண்டு போர்ட்டில் பிரித்து வையுங்கள். காஃப்கா 4.0 இலிருந்து, முன்பு கூடவே ஓடிய சூகீப்பர் என்ற ஒருங்கிணைப்பு மென்பொருள் அறவே இல்லை, அதைக் கேட்கும் பழைய கொம்போஸ் கோப்புகள் உதவாது.

ரபிட்எம்கியூவின் குழிகள் வேறு மாதிரி. ப்ரீஃபெட்ச், அதாவது ஒரு வேர்க்கர் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய மெசேஜ் எண்ணிக்கை, வைக்காவிட்டால் முதலில் எழும்பிய வேர்க்கரே கியூவில் உள்ள அத்தனையையும் அள்ளிக்கொள்ளும். 10 அல்லது 20 என்று தொடங்குங்கள். வேலை முடிந்தது என்ற ஒப்புதலை (அக்) வேர்க்கர் கொடுக்க, டிபோல்ட்டாக உள்ள 30 நிமிடம் தாண்டினால் அதன் சனல் மூடப்பட்டு மெசேஜ் கியூவுக்குத் திரும்பும், பில் இரண்டு தரம் அடிபடும். நினைவகமோ டிஸ்க்கோ எல்லையைத் தொட்டால் அனுப்புபவரைப் புரோக்கர் நிறுத்திவைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது, செயலி உறைந்ததுபோல் நிற்கும். டிஸ்க் எல்லை டிபோல்ட்டாக வெறும் 50 எம்பி, அதை நம்பி உண்மையான சேர்வரை ஓட்டக்கூடாது. இன்னொன்று: தரவு அடைவின் பெயரில் ஹோஸ்ட்நேமும் சேர்ந்திருக்கும். டொக்கரில் ஹோஸ்ட்நேமைக் கையால் கொடுக்காமல் கொன்டெய்னரை மீண்டும் உருவாக்கினால், வொல்யூம் அப்படியே இருந்தும் கியூக்கள் காணாமல் போகும்.

மின்வெட்டை மறந்து இங்கே எதையும் திட்டமிட முடியாது. ரபிட்எம்கியூவில் கியூ டியூரபிள் (மறுதொடக்கத்திலும் நிலைப்பது), மெசேஜ் பெர்சிஸ்டன்ட் (டிஸ்க்கில் எழுதப்படுவது), அனுப்புபவர் பக்கம் பப்ளிஷர் கொன்ஃபேர்ம் (கிடைத்தது என்று புரோக்கர் சொல்வது) ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. ஒன்று குறைந்தாலும் ஓடர் தொலையலாம். பல நோட் (புரோக்கர் ஓடும் சேர்வர்) வேண்டுமென்றால், பெரும்பான்மையை நம்பி ஓடும் குவோரம் கியூ: மூன்று நோட்டில் ஒன்று விழலாம். பழைய மிரர் கியூ 4.0 இல் நீக்கப்பட்டுவிட்டது. காஃப்கா ஒவ்வொரு மெசேஜையும் உடனே டிஸ்க்கில் அழுத்தி எழுதுவதில்லை, பிரதிகளையே நம்புகிறது. கடையின் பின்னறையில் ஒரே கணனியில் ஓடும் காஃப்கா, கரண்ட் போனால் கடைசி மெசேஜ்களை விட்டுவிடலாம். ஒரே யூபிஎஸ்ஸில் தொங்கும் மூன்று நோட்டையும் ஒரு நோட் என்றே எண்ணுங்கள்.

லொறிகளின் ஜிபிஎஸ் கருவிகளும் சேர்ந்தால் சிறு கருவிகளுக்கான எம்கியூடிடி புரொட்டோகோல் வேண்டும். அதைப் பேசும் மொஸ்கிட்டோ என்ற சிறு புரோக்கர் போதும், ஆனால் அதன் 2.0 இலிருந்து லிஸனர் எழுதாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டுமே கேட்கும். இரண்டு கருவிக்கு ஒரே கிளையன்ட் ஐடி கொடுத்தால் ஒன்றையொன்று மாறிமாறித் தள்ளிவிடும். சிம் சிக்னல் மோசம் என்று நினைத்து ஏமாறுவீர்கள்.

உரிமத்தையும் பார்க்க வேண்டும். ரெடிஸ் 2024 மார்ச்சில் திறந்த மூல உரிமத்தை விட்டு விலகியது, அதிலிருந்து வல்கி பிரிந்தது. 2025 இல் ரெடிஸ் 8 ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தோடு திரும்பி வந்தது. ரெட்பாண்டா காஃப்கா புரொட்டோகோல் பேசினாலும் அதன் பிஎஸ்எல் உரிமம் திறந்த மூலம் அல்ல.

இந்தக் கடைக்கு ரபிட்எம்கியூ போதும். நாளுக்குச் சில ஆயிரம் ஓடர்தான் என்றால் அதுகூட வேண்டாம்: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு அட்டவணை, வேறு வேர்க்கர் பூட்டிய வரிகளைத் தாண்டிப்போக ஸ்கிப் லொக்ட் என்று முடியும் ஒரு செலக்ட், அவ்வளவுதான். புரோக்கர் ஒன்றைப் பராமரிக்கும் ஆள் இல்லாத குழுவுக்கு இதுவே நல்லது.

எதை எடுத்தாலும் கையெழுத்துப் போடுமுன் இதைச் செய்யுங்கள். 1 முதல் 10,000 வரை இலக்கமிட்ட மெசேஜ் அனுப்புங்கள். பாதியில் வேர்க்கரை கில் -9 அடித்துச் சட்டென்று நிறுத்துங்கள், பிறகு புரோக்கரையும் அப்படியே. இரண்டையும் எழுப்பி, வந்துசேர்ந்த இலக்கங்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் கொன்ஃபேர்ம், அக் அல்லது மெசேஜைச் சேமிக்கும் அமைப்பில் பிழை. சில இலக்கங்கள் இரண்டு தரம் வந்தால் அது பிழையல்ல, வரத்தான் செய்யும். அதனால் பில் இரண்டு தரம் அடிபடாமல் இருக்க, பில் அட்டவணையில் ஓடர் இலக்கத்துக்கு யுனீக் இன்டெக்ஸ் போட்டுவிடுங்கள்.