தாஹோ ஏரிக்கரையில் ஒரு சிட்டிகை மணல்

அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது தாஹோ ஏரி. அதன் கரையிலுள்ள தாஹோ சிட்டியிலிருந்து தெற்கே, ஏரியை ஒட்டியே போகிறது 89ஆம் எண் சாலை. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் பைன் காடு. போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான். பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஹோம்வுட் என்னும் பனிச்சறுக்கு ரிசார்ட். அங்கே மலையில் வெட்டிய பனிச்சறுக்குத் தடங்கள் ஏரியைப் பார்த்து இறங்குகின்றன. சறுக்கி வருபவர் தண்ணீரிலேயே போய் விழுந்துவிடுவாரோ என்று பதறும்படி அத்தனை பக்கம்!

2025 மார்ச்சில் நான் போனபோது, சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றும் கம்பிவடங்கள் அசையாமல் நின்றன. அந்தப் பனிக்காலம் முழுவதும் ரிசார்ட் திறக்கப்படவில்லை. விடுதி, அடுக்கக வீடுகள், கடைகள் என இதை விரிவாக்கும் திட்டத்துக்கு 2011இல் ஒப்புதல் கிடைத்தது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2014இல் அளவைக் குறைத்துச் சமரசம் ஆனது. சர்ச்சை மட்டும் ஓயவில்லை. மழைநீரை வடிகட்டும் ஏற்பாடுகளும் கட்டுமானத்தோடு சேர்ந்தே வரும் என்கிறார்கள் ஆதரவாளர்கள். நல்லதுதான். ஆனால் கூடுதலாக வரும் கார்களை எந்த வடிகட்டி தடுக்கும்?

சாலையோரம் குனிந்து பார்த்தேன். டயர் வழுக்காமலிருக்கத் தூவிய மணல் பனிக்குவியலின் அடியில் கறுத்துக் கிடந்தது. விரலால் தேய்த்தால் பாதி மணல், பாதி மாவு. வண்டிகள் ஏறி ஏறி அரைத்த மாவு. பனி உருகிய நீர் அதைச் சுமந்துகொண்டு ஏரிப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

தாஹோவின் நீலத்தைக் கெடுப்பவற்றில் முதன்மையானது இந்த மாவுதான். 16 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள் எளிதில் அடியில் படிவதில்லை. நீரில் மிதந்தபடி ஒளியைச் சிதறடிக்கின்றன. சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள ஒரு வெள்ளை வட்டை நீருக்குள் இறக்கி, எவ்வளவு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று விஞ்ஞானிகள் அளந்து வருகிறார்கள். 1968இல் ஆண்டுச் சராசரி 31 மீட்டர். இன்று 20 மீட்டரை ஒட்டித் தள்ளாடுகிறது. ஏரிக்குள் வரும் ஓடைகள் 63. வெளியேறுவது ட்ரக்கி ஆறு ஒன்றே. உள்ளே வந்த நீர் வெளியேறச் சராசரியாக 650 ஆண்டுகள் ஆகுமாம். இப்படிப்பட்ட ஏரியின் கரையில் புதிதாக ஒரு கூரை போடுவதற்கும், ஒரு கார் நிறுத்துமிடத்துக்குத் தார் ஊற்றுவதற்கும் பத்து முறை யோசிக்க வேண்டாமா?

அந்த மணலில் ஒரு சிட்டிகையை என் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, விடுதி அறையின் சன்னலோரம் வைத்தேன். கனமான மணிகள் நொடியில் அடியில் இறங்கிவிட்டன. இரவு பார்த்தேன்; அரிசி களைந்த நீர்போல இருந்தது. காலையில் எழுந்தும் பார்த்தேன். பாட்டிலுக்கு அப்பாலிருந்த மரம் மங்கலாகத்தான் தெரிந்தது. அதை ஏரியின் பக்கம் கொண்டுபோக மனம் வரவில்லை. காட்டுக்குள் நடந்து, ஒரு பைன் மரத்தின் வேரில் ஊற்றிவிட்டு வந்தேன்.